பத்து இருபதுக்கு வரும் நிழல்

காலை எட்டு ஐம்பதுக்கு அந்த போன் வந்தது.

பண்ருட்டியில் அம்மா வீட்டுக் கூடத்தில், அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள் சரிதா. புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆன கண். முதல் சொட்டு சரியாகக் கண்ணில் விழுந்தது. போன் அலறியதில் இரண்டாவது சொட்டு மூக்கில் விழுந்தது.

"சரிதாம்மா, எங்க இருக்கிற?"

வீராயி. சாதாரணமாகப் பேசினாலே அடுத்த பிளாக் வரை கேட்கும் குரல் அது. இன்று கிசுகிசுத்தது.

"அம்மா வீட்லதான்க்கா. ஏன் இப்டி ரகசியமாப் பேசறீங்க?"

"மரத்த வெட்ட வந்துகிறாங்க."

"எந்த மரத்த?"

"எந்த மரத்தயா? எம் மரத்தத்தான்! ஷட்டில் கோர்ட்டு மூலைல நிக்குதே புங்க மரம், அத. வெள்ள வளையம் போட்ட மரத்தயெல்லாம் வெட்டணும்னு ஆர்டராம். யாரு போட்டது அந்த வளையம்? நீதான? கையெல்லாம் பெயின்ட்டப் பூசிகினு, சிரிச்சிகினு, சுத்திச் சுத்தி போட்டியே!"

சரிதா மருந்துக் குப்பியோடு எழுந்தாள்.

"எதிர்சாரில ரெண்டு மரம் வளையம் போட்டது இருக்கு. அத அறுத்துகினு இருக்காங்க. அடுத்து இதுதான். நீ வந்து சொல்லு. நான் சொன்னா எவன் கேக்கறான்?"

பின்னணியில் ஒரு வாள் எந்திரம் உறுமியது. போன் நின்றுபோனது.

நெய்வேலி டவுன்ஷிப்பில், சரிதா குடியிருக்கும் தெருக்கோடியில், யாரும் விளையாடாத ஒரு பழைய ஷட்டில் கோர்ட் இருக்கிறது. அதன் மூலையில் அந்தப் புங்க மரம். அதன் கீழே பதினொரு வருடமாக வீராயியின் இஸ்திரி வண்டி. "மரத்தடியில போட்டுக்கம்மா" என்று எந்தக் காலத்திலோ ஒரு அதிகாரி வாயால் சொன்னதுதான் அவளுக்கு இருக்கும் ஒரே அனுமதி. காகிதம் கிடையாது. மரம் போனால் மரத்தடி என்ற இடமே இல்லை. மற்ற தெருக்களிலெல்லாம் வேறு வேறு இஸ்திரி வண்டிகள் ஊன்றி நிற்கின்றன. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினம் பஸ் ஏறி வரும் வீராயி, அதன்பின் எங்கே போய் நிற்பாள்?

சரிதா புருஷனுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிவசங்கருக்கு முதல் ஷிப்ட். மைன்ஸுக்குள் இறங்கும்போதே செல்போன் லாக்கருக்குள் போய்விடும்.

மருந்தை அம்மாவின் கையிலேயே திணித்தாள். "இன்னொரு சொட்டு நீயே விட்டுக்கம்மா. நான் போய்ட்டு வந்துடறேன்."

"நாளைக்குப் போய்க்கடி! இன்னிக்கு எங்க ஓடற?"

"ஒரு மரத்தக் கொன்னுட்டேன்மா. இன்னும் சாகல. ஓடினா பொழைக்கும்."

ஒன்பது ஐந்து. நெய்வேலி வழியாக வடலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இனி அவள் கையில் எதுவுமில்லை. எல்லாம் டிரைவரின் காலில். முந்திரித் தோப்புகள் பின்னால் ஓட ஓட, கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். எப்படி ஆரம்பித்தது இது?

ஒரு செருப்பு ஸ்டாண்டில் ஆரம்பித்தது.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். குவார்ட்டர்ஸ் வாசலில் நனைந்து கிடந்த சிவசங்கரின் சேஃப்டி ஷூவைப் பார்த்துவிட்டு, செருப்பு ஸ்டாண்டு ஒன்று வாங்கலாம் என்று போனில் தேடினாள். இரும்பு வந்தது. பிளாஸ்டிக் வந்தது. மூன்றாவதாக, கொட்டாவி விடும் ஒரு அலமாரி வந்தது.

நிஜமாகவே கொட்டாவி. மரத்தால் செய்த பெரிய வாய். மேலண்ணத்தில் ஆண்கள் செருப்பு, நாக்கின்மேல் குழந்தைகள் செருப்பு. செய்தவர் ஏதோ ஒரு தீவில் இருக்கும் தச்சராம். விலை இல்லை. வாங்கும் வழியும் இல்லை. கீழே ஒரே ஒரு வரி: 'வீட்டுக்குள் வருகிறவர்களின் களைப்பை இது முதலில் வாங்கிக்கொள்ளும்.'

அது வந்த இணையப் பக்கத்தை நடத்துவது யார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தினம் ஒரு பொருள் வரும். தினம் ஒரு வரி. எழுத்தெல்லாம் வேறு பாஷை. போனே தமிழாக்கிக் காட்டும், அரைகுறையாக. அந்த அரைகுறையே அழகாக இருந்தது. படிக்கட்டுக்குப் பின்னிய ஸ்வெட்டர். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மூச்சு விட்டால் மட்டும் எரியும் விளக்கு. மாம்பழத் தோல்களைத் தைத்துச் செய்த மழைக்கோட்டு. ஊருக்கு வெளியே வயலில் தனியாக நிற்கும் ஒரு கதவு. சுவர் கிடையாது, வீடு கிடையாது, கதவு மட்டும். அதில் அழைப்பு மணியும் உண்டு. அமுக்கினால் தூரத்து மலையில் யாரோ "வரேன்" என்று சொல்வார்களாம்.

சரிதா பன்னிரண்டாவது வரை படித்தவள். ஓவியம் என்றால் காலண்டர். சிற்பம் என்றால் கோயில். இதற்கு என்ன பெயர் என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆனால், மத்தியானம் சோற்றை வடித்துவிட்டு ஒரு மணி நேரம் அதற்குள் இறங்கி ஏறினால், வெளியே டவுன்ஷிப்பே வேறு மாதிரி தெரிந்தது. அனல் மின் நிலையத்தின் குளிர்விக்கும் கோபுரங்கள் நாள் முழுக்க மேகம் தயாரித்து வானத்துக்கு சப்ளை செய்துகொண்டிருந்தன. ஒரே மாதிரி வரிசை வரிசையாக நின்ற குவார்ட்டர்ஸ் வீடுகள், கிழிக்காத தபால்தலைத் தாளாகத் தெரிந்தன. பெட்ஷீட் காயும் கொடிகளில் யாரோ கப்பல் ஓட்டினார்கள்.

"ஏங்க, மைன்ஸ்ல மண்ணு வெட்டற உங்க மிஷினு, அந்தப் பெரிய சக்கரம், அதுக்கு சலங்கை கட்டிவிட்டா எப்படி இருக்கும்?" என்று ஒரு நாள் சோறு போடும்போது கேட்டாள்.

சிவசங்கர் யோசித்தான். "எங்க ஷிப்ட் இன்சார்ஜுக்குக் கட்டிவிட்டா இன்னும் நல்லாருக்கும். ஆளு வர்றது முன்னாடியே தெரியும்."

அவன் கிண்டல் செய்யவில்லை என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகுதான் அந்த நிழல் வந்தது.

ஏதோ ஒரு குளிர்நாட்டுப் பூங்காவில், ஒரு பெண், ஒரு பெஞ்சின் நிழலைத் தரையில் கோடாக வரைந்து வைத்திருந்தாள். நிஜ நிழல் அந்த நேரத்தில் வேறு பக்கம் கிடந்தது. வரைந்த நிழல் தனியாகக் காத்திருந்தது. கீழே அந்த ஒரு வரி: 'ஒரு நாளில் ஒரு நிமிடம் மட்டும் இந்தப் படம் உண்மை.'

சரிதா அதை எத்தனை முறை பார்த்தாள் என்று கணக்கில்லை. அடுத்த வாரம், மார்கழி பிறந்து ஏழாம் நாள், திங்கட்கிழமை காலை, கோலமாவு டப்பாவோடு ஷட்டில் கோர்ட்டுக்குப் போனாள்.

மணி பத்து இருபது. புங்க மரத்தின் நிழல் சிமென்ட் தரையில் நீட்டிப் படுத்திருந்தது. மாவை விரலிடுக்கில் பிடித்து, நிழலின் விளிம்பைத் தொட்டு ஓட ஆரம்பித்தாள். நிழல் நிற்காது. அது நகர்வதற்குள் முடிக்க வேண்டும். வாசலில் கோலம் போட்டே பழகிய கை. வளைவு, நெளிவு, கிளை பிரியும் கவை, இலைகளுக்கு நடுவே வெயில் ஒழுகிய கிளி மூக்கு மாதிரி ஒரு ஓட்டை, எல்லாவற்றையும் நாலே நிமிடத்தில் சுற்றி வந்துவிட்டாள்.

இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி வீராயி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னா கோலம்? புள்ளியும் இல்ல, பூவும் இல்ல."

"நிழலுக்குப் போட்டதுக்கா."

"நிழலுக்கு எதுக்கு? அதுவே வருது, அதுவே போவுது. அதுக்கு வூடு கட்டித் தரப்போறியா?"

"ஆமா."

வீராயி சிரித்த சிரிப்பில் கரித்துண்டு தெறித்தது. "நிலக்கரி ஊர்ல குந்திகினு கரி வெல குடுத்து வாங்கித் தேய்க்கறேன் நானு. இந்த ஊர்ல பைத்தியக்காரி நான் ஒருத்திதான்னு நெனச்சேன். தொணைக்கு ஆளு வந்துட்ட."

ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக மிச்சமிருந்த வெள்ளை எனாமல் பெயின்ட் வீட்டில் இருந்தது. மாவுக் கோட்டின்மேல் அதைப் பூசினாள். மரத்தின் அடிக்கு வந்ததும் கோடு சட்டென்று நின்றுபோனது அவளுக்குப் பொறுக்கவில்லை. நிழலையும் மரத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும் போலிருந்தது. கோட்டை அப்படியே மரத்தின்மேல் ஏற்றி, முழங்கால் உயரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி முடித்தாள். மரம் காலில் தண்டை போட்டுக்கொண்டு நின்றது.

மறுநாள் விடிகாலையில் அம்மாவின் ஆபரேஷனுக்காகப் பண்ருட்டி வந்துவிட்டாள். தான் கட்டிய வீட்டுக்கு நிழல் திரும்பி வந்ததை அவள் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. வீராயிதான் போனில் சொன்னாள்: "வந்திச்சி, குந்திச்சி, போச்சி."

அவள் ஊரில் இல்லாத இந்த மூன்று வாரத்தில்தான், கம்பியில் உரசும் மரங்களையும் பட்டுப்போன மரங்களையும் பொங்கலுக்குள் வெட்டும் கான்ட்ராக்ட் ஒன்று வந்திருக்கிறது. அடையாளம் போட ஒருவர் தெருத்தெருவாகப் போயிருக்கிறார். வாள் வைக்க வேண்டிய இடத்தில், முழங்கால் உயரத்தில், வெள்ளை வளையம்.

"நெய்வேலி ஆர்ச் கேட்லாம் எறங்கு!"

கண்டக்டரின் குரலில் சரிதா நிமிர்ந்தாள். ஒன்பது ஐம்பத்திரண்டு. ஷேர் ஆட்டோ ஆள் சேரும் வரை காத்திருக்கவில்லை. "தனியாவே போங்கண்ணே" என்று ஏறி உட்கார்ந்தாள்.

பத்து மணி நாலு நிமிடத்துக்கு ஷட்டில் கோர்ட் வந்தது. இறங்கியவள் அப்படியே நின்றாள்.

மரம் சட்டை போட்டிருந்தது.

ஒரு சட்டை இல்லை, இருபது, முப்பது. எட்டிய கிளையெல்லாம் ஹேங்கரில் இஸ்திரிக்கு வந்த சட்டைகள். வெள்ளை, நீலம், கட்டம் போட்டது, கோடு போட்டது. காற்றில் எல்லாம் சேர்ந்து மெல்லத் திரும்பின, யாரோ கூப்பிட்டது போல. ஒரு கணம், போனில் ஒரு படத்துக்குள் தவறி விழுந்துவிட்டோமோ என்று சரிதாவுக்குத் தோன்றியது.

மரத்தடியில் வீராயி. எதிரே, கையில் லிஸ்ட்டோடு கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் விஜயராஜ். மஞ்சள் ஹெல்மெட்டைத் தாண்டி வேர்வை வழிந்தது. சற்றுத் தள்ளி, வாள் எந்திரத்தைத் தொடைமேல் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தான் வெட்டுகிற கலைச்செல்வன். எதிர்சாரியில் இரண்டு அடிமரங்கள் பச்சையாக, ஈரமாக.

"யம்மா, கடைசியாச் சொல்றேன். சட்டைய எறக்கும்மா."

"ஒவ்வொரு சட்டையும் ஒரு ஆபீசரு. எந்த ஆபீசர மொதல்ல எறக்கணும், நீயே பேரச் சொல்லு. எறக்கறேன். பின்னால அவரு கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

விஜயராஜ் பல்லைக் கடித்தான். சாதாரண ஆட்கள் துணியாக இருந்தால் அவனே இழுத்துப் போட்டிருப்பான். எந்தச் சட்டை எந்த அதிகாரியுடையது என்று யார் கண்டது?

"சார், அந்த வளையம் நான் போட்டது சார்!" சரிதா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "உங்க ஆளு போட்டதில்ல. நான். இந்தக் கையால."

விஜயராஜ் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க ஆறாவது ஆளுங்க. போன தெருவுல ஒருத்தரு 'அது சாமிக்குப் போட்ட வளையம்'னாரு. அதுக்கு முன்னாடி தெருவுல ராவோட ராவா ஒருத்தரு சொரண்டியே விட்டுட்டாரு. வெட்ற அன்னிக்கு எல்லாருக்கும் மரத்து மேல பாசம் வந்துடுது."

"உங்க லிஸ்ட்ல இந்தத் தெருவுக்கு எத்தன மரம் சார்?"

அவன் தயங்கினான். "ரெண்டு."

"வளையம்?"

"மூணு."

"அப்ப ஒண்ணு தப்புதான சார்?"

"லிஸ்டு தப்பா, வளையம் தப்பான்னு நான் எப்படிம்மா சொல்றது? வளையம் போட்டவரு சபரிமலைல இருக்காரு. காலைலருந்து அடிக்கறேன், போன் போவல. இத விட்டுட்டுப் போனா, பொங்கலுக்கு அப்புறம் 'வளையம் போட்ட மரம் ஏன் நிக்குது'ன்னு என்னத்தான் கேப்பாங்க. வெட்டிட்டா கேக்க மாட்டாங்க. இல்லாத மரத்தப் பத்தி எவன் கேப்பான்?"

சரிதா போனை எடுத்துக் காட்டினாள். அன்று எடுத்த இரண்டு போட்டோ. ஒன்றில் மாவுக் கோட்டுக்குள் கச்சிதமாக நிழல்; அடுத்ததில் பெயின்ட் கோடும், மரத்தில் வளையமும். விஜயராஜ் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வினாடி ஏதோ ஓடியது. பிறகு தலையை ஆட்டினான்.

"போன்ல இருக்கறதயெல்லாம் இப்ப நம்ப முடியாதுங்க. நேத்து எம்பொண்ணு என்ன யானை மேல உக்கார வச்சு அனுப்பிச்சா. மீசைகூட முறுக்கி விட்டுருந்தா. நான் யானையப் பாத்தே பத்து வருஷம் ஆவுது."

"சரி, போன நம்பாதீங்க. கண்ண நம்புவீங்கல்ல? தரையில பாருங்க. அந்தக் கோடு இந்த மரத்தோட நிழல். பத்து இருபதுக்கு நிழல் வந்து அதுல உக்காரும். உக்காந்தா, அந்தக் கோடும் வளையமும் ஒரே கை போட்டதுதான்னு ஒத்துக்கறீங்களா? இன்னும் பதினாலு நிமிஷம்."

"உக்காரலன்னா?"

"உக்காரலன்னா நான் எதுவும் பேச மாட்டேன்."

"சார்," கலைச்செல்வன் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தான். "டீ வேற இன்னும் வரல."

விஜயராஜ் மணி பார்த்தான். "பத்து இருபது. அதுக்கு மேல ஒரு செகண்டு இல்ல. சாயங்காலம் நான் ஊருக்கு பஸ் ஏறணும்."

அப்போதுதான் சரிதா தரையைக் கவனித்தாள். சிமென்ட்டில் மரத்தின் நிழல் இல்லை. தலையில்லாத முப்பது பேர் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சட்டைகளின் நிழல். விளிம்பு எது, இலை எது, கை எது, ஒன்றும் புரியவில்லை.

"வீராயிக்கா, சட்டைங்கள எறக்குங்க."

"என்னாது?"

"சட்டை இருந்தா நிழல் மாறிடுதுக்கா. கோட்டுல ஒட்டாது."

வீராயி அவளை இழுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனாள். "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? அந்தச் சட்டைங்க இருக்கற வரைக்கும்தான் அவன் கைய வெக்க மாட்டான். சட்டை எறங்கினா வாளு ஏறும். காலைலருந்து இதத்தான் கவசமாட்டம் மாட்டிகினு நிக்கறேன். கழட்டச் சொல்றியே?"

"மத்தியானம் எல்லாரும் சட்டைய வாங்க வருவாங்கள்ல? அப்ப கழட்டித்தான ஆவணும்?"

வீராயி புங்க மரத்தின் அடியைப் பார்த்தாள். வளையத்தைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சட்டையாக, பெயர் சொல்லி, தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல இறக்க ஆரம்பித்தாள். சரிதா வாங்கி வாங்கி வண்டியில் அடுக்கினாள். கடைசிச் சட்டை இறங்கியபோது மரம் மிகவும் சின்னதாகத் தெரிந்தது.

பத்து பதினாறு. மரத்தின் நிழல் தரைக்கு வந்தது.

பத்து பதினேழு. நிழல் மறைந்தது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கோபுரத்திலிருந்து கிளம்பிய நீராவி, வழக்கமாக மேலே போவது, இன்று பனியில் கனத்துத் தாழ்வாக மிதந்து வந்து சூரியனின்மேல் படுத்துக்கொண்டிருந்தது. தரை முழுக்க ஒரே சாம்பல். ஊரே தண்ணீருக்கடியில் இருப்பது போல ஒரு வெளிச்சம். வெள்ளைக் கோடு மட்டும் எதற்கோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

நீராவி நகர்ந்தது. கிழிந்தது. வெயில் ஒரே வீச்சில் கொட்டியது.

பத்து இருபது.

நிழல் கோட்டில் இல்லை.

ஒரு முழம் தள்ளி, மேற்கே, நீளமாகக் கிடந்தது. கவை வேறு இடத்தில் இருந்தது. கிளி மூக்கு ஓட்டை கோட்டுக்கு வெளியே அந்தரத்தில் தவித்தது. கிளையை யாரும் வெட்டவில்லை. கோட்டை யாரும் அழிக்கவில்லை. பிறகு எப்படி?

சரிதா போனில் மணியைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"முடிஞ்சுதுங்களா?" விஜயராஜின் குரலில் கோபமில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "நானும் உக்காந்துடும்னுதான் நெனச்சேன். கலை, எந்திரி."

கலைச்செல்வன் எழுந்தான். கயிற்றை ஒரு இழு. உறுமவில்லை. இரண்டாவது இழு. உறுமியது. புங்க இலைகள் அதிர்ந்தன. வளையத்தை நோக்கி அவன் குனிந்தபோது—

"நிறுத்துடா டேய்!"

இந்த முறை அடுத்த பிளாக் வரை கேட்டிருக்கும். வீராயி வாளுக்கும் மரத்துக்கும் நடுவே வந்து நின்றாள். கையில் ஒரு செங்கல்.

"அடிக்க வரியாம்மா?" விஜயராஜ் இரண்டடி பின்வாங்கினான்.

"உன்ன அடிச்சி எனக்கென்னா ஆவப்போவுது? இது எம் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கற கல்லு. வெயில் நவுர நவுர வண்டிய நவுத்தறவ நானு. காலைல ஒரு எடம், மத்தியானம் ஒரு எடம், சாயங்காலம் ஒரு எடம். பதினோரு வருசமா இந்த நிழலு பின்னாலயே ஓடறேன். அது எப்ப வரும்னு உன் போனுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" சரிதாவின் பக்கம் திரும்பினாள். "உனக்கும்தான் சொல்றேன். நிழலு இப்ப லேட்டு."

"லேட்டா?"

"மார்கழி பொறந்தப்ப, ஸ்கூல்ல பத்தரைக்கி மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வந்து ஒக்காந்துடும். அப்பறம் தெனமும் கொஞ்சம் கொஞ்சமா சோம்பேறி ஆயிடும். இப்ப அந்த மணி அடிக்கிற நேரத்துக்குத்தான் வருது. வருசா வருசம் இதே கததான். மாசி வரைக்கும் அப்படித்தான். உம் படம் வரைஞ்ச நேரத்துக்கே அது வரணும்னு அது கையெழுத்தா போட்டுக் குடுத்துது?"

"நீங்க இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா!"

"நீ கேட்டியா? பத்து இருபது பத்து இருபதுன்னு நீயே சொல்லிகினு நின்ன."

விஜயராஜ் பேனாவால் தலையைச் சொறிந்தான். கலைச்செல்வன் எதுவும் கேட்காமல் எந்திரத்தை அணைத்துக் கீழே வைத்தான். "ஓடி ஓடி நீங்களும் டென்ஷன் ஆயிட்டீங்க சார். மணி அடிக்கட்டும்."

நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிழல் நகர்வதை யாரும் பார்க்க முடியாது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால், பார்க்காத நேரத்தில் அது நகர்ந்திருக்கும். ஒரு முழம் ஒரு சாண் ஆனது. சரிதாவுக்குத் தன் கால்கள் தரையில் இருப்பதாகவே தோன்றவில்லை. தரைதான் மெல்லத் திரும்புகிறது, கோர்ட்டும் தெருவும் ஒரே மாதிரி வீடுகளும் சேர்ந்து, ஒரு பெரிய தட்டு சுற்றுவது போல. மரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

சாண் நாலு விரல் ஆனது. நாலு இரண்டானது.

கவை வந்து கவையில் நுழைந்தது, கை வளையலுக்குள் போவது போல. மூக்கு மூக்கில் ஒட்டியது. இடது பக்கத்து விளிம்பு, வலது பக்கத்து விளிம்பு, ஒவ்வொரு நெளிவும் தன் இடம் தேடிப் படுத்தது. உச்சியில் மட்டும் ஒரு சாண் குறை. அடியில், தரைக்கோடு மரத்தில் ஏறி வளையமாகும் இடத்தில், நிழலும் கோடும் மரமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது.

தூரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது.

"யப்பா," என்றான் கலைச்செல்வன்.

விஜயராஜ் ஹெல்மெட்டைக் கழற்றினான். கோட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தான், மிதிக்காமல். குனிந்து வளையத்தைத் தடவிப் பார்த்தான். "எங்க ஆளு சுண்ணாம்புல போட்டாரு. இது எனாமலு. இத நான் காலைலயே தொட்டுப் பாத்துருக்கணும்." நிமிர்ந்தான். "எதுக்குங்க இத வரைஞ்சீங்க?"

"செருப்பு ஸ்டாண்டு தேடினேன் சார். போன்ல ஒரு பக்கம் வந்துது, அதப் பாத்துதான்" என்றாள் சரிதா.

அவன் பேனாவை எடுத்தான். லிஸ்ட்டில் இந்தத் தெருவுக்கு நேரே 'இரண்டு — முடிந்தது' என்று எழுதினான். "ஆனா ஒண்ணு. வளையம் இருக்கக் கூடாது. இன்னிக்கு நான் விட்டுட்டுப் போவேன். பொங்கல் முடிஞ்சு வேற ஆளு வருவான். வளையத்தப் பாத்தான்னா, உங்க நிழலுக்காகக் காத்துகிட்டு இருக்க மாட்டான். இப்பவே, என் கண்ணு முன்னாடி எடுங்க. எடுத்ததும் ஒரு போட்டோ புடிச்சிட்டு நான் கெளம்பறேன்."

எனாமல். மூன்று வாரம் காய்ந்த எனாமல். சரிதா ஒரு சில்லால் சுரண்டிப் பார்த்தாள். பட்டைதான் வந்தது. பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் வாங்கக் கடைக்குப் போய் வர அரை மணி ஆகும். விஜயராஜ் மறுபடி மணி பார்க்க ஆரம்பித்தான்.

"தள்ளு," என்றாள் வீராயி.

வண்டியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்து கரியை ஊதினாள்; உள்ளே செவசெவ என்று கண் திறந்தது. ஒரு பழைய துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, வளையத்தின்மேல் சுற்றினாள். அதன்மேல் பெட்டியை வைத்து அழுத்தினாள்.

புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

ஒரு விரற்கடை சூடு. துணியை விலக்கி, தேங்காய் ஓட்டால் ஒரு வழி. பெயின்ட் பால் ஏடு மாதிரி சுருண்டு வந்தது. மறுபடி துணி, மறுபடி பெட்டி, மறுபடி ஓடு. மரத்துக்குச் சுடக் கூடாது என்று அடிக்கடி உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஆவி மேலே ஏறி இலைகளுக்குள் புகுந்து, அங்கே கொஞ்ச நேரம் தங்கி, பிறகு தூரத்துக் கோபுரத்தின் மேகத்தோடு சேரப் போனது.

சரிதா பின்னால் நகர்ந்தாள். இன்னும் இரண்டடி. இப்போது முழுதும் தெரிந்தது. வெயிலில் ஒரு மரம். அதன் காலடியில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண். அவள் மரத்தை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், கசங்கிய சட்டையைத் தேய்க்கும் அதே அக்கறையோடு, மடிப்பு மடிப்பாக.

இப்படி ஒன்றை அந்தப் பக்கத்தில்கூட அவள் பார்த்ததில்லை.

"போட்டோ எடுங்க சார்," என்றாள்.

விஜயராஜுக்கு முன்னால் கலைச்செல்வன் எடுத்துவிட்டான். மரத்தூள் ஒட்டிய கட்டைவிரலால் திரையைத் துடைத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். "அக்கா, நீங்க பாக்கறதாச் சொன்னீங்களே ஒரு பக்கம், செருப்பு ஸ்டாண்டு, அது பேரு என்னா?"

சரிதா சொன்னாள். அவன் அங்கேயே தேடினான். மரத்தின்மேல் சாய்ந்துகொண்டு, வாளைக் காலடியில் போட்டுவிட்டு, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. வெகு நேரம் நின்றது. என்ன படம் என்று யாரும் கேட்கவில்லை.

"என்னா அங்க கூட்டம்?" வீராயி நிமிர்ந்தாள். வளையம் இருந்த இடத்தில் பட்டை வெளுத்து, ஈரமாக இருந்தது. நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கி எத்தினி மணிக்கி வந்து நிக்கணும் எல்லாரும், அத நான் சொல்றேன். அவ சொல்ற மணிய நம்பிடாதீங்க."

சரிதா சிரித்தாள்.

அதற்குள் நிழல் கோட்டை விட்டு நழுவி, கிழக்கே ஒரு சாண் போயிருந்தது. வீராயி அதைப் பார்த்தாள். பெட்டியை வண்டியில் வைத்தாள். சக்கரத்திலிருந்து செங்கல்லை எடுத்து, வண்டியை ஒரு முழம் தள்ளி, மறுபடி முட்டுக் கொடுத்தாள். முதல் ஆபீசரின் சட்டையை விரித்தாள்.